கூப்பிட்டால் வருகிற சேவல்

எங்கள் லே-அவுட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு மோட்டார்காரர் என்று பெயர். பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன சப்மெர்சிபிள் மோட்டார்களைப் பிரித்து, புதிதாகக் காயில் சுற்றி, வார்னிஷ் அடித்துக் கொடுப்பது தொழில். கோழி வளர்க்க ஆரம்பித்த பிறகு கோழிக்காரர் ஆனேன். அந்தப் பெயரைக் கேட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டென்று தலை குனிந்துகொள்கிறது.

வீட்டுக்குப் பின்னால் பாதி சைட் சும்மா கிடந்தது. வெள்ளகோவில் பக்கம் எங்கள் சொந்த ஊருக்கு ஒரு துக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது, தெரிந்தவர் ஒருவரிடம் சில சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கிவந்தேன். சிறுவிடை நம் பக்கத்துப் பழைய நாட்டுக்கோழி. உருவம் சின்னது. முட்டையும் இடும், அடையும் கிடக்கும், மிச்சமாகும் சேவல்கள் கறிக்கு ஆகும். முட்டைக்கு ஒரு ஜாதி, கறிக்கு ஒரு ஜாதி என்று பிரிக்காத கோழி.

வாங்கிவந்த சேவல் பார்க்க நெருப்பு மாதிரி இருந்தது. குணமும் அப்படித்தான். ஒருநாள் சாயங்காலம் என் மகள் தண்ணீர்க் கிண்ணத்தை வைக்கக் குனிந்தபோது பாய்ந்து காலைக் கீறிவிட்டது. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். முட்டிக்குக் கீழே சதை பிளந்து, தையல் போடவேண்டியதாகிவிட்டது. என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

“ஏனுங்க, மொதல்ல இந்தச் சனியன சட்டியில போடுங்க.”

போட்டோம். ஆனால் அதன் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. இளம் சேவல்களில் ஒன்று தீவன பக்கெட்டைக் கண்டாலே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. அதனோடு ஒரே அடையில் பொரித்த இன்னொன்று என் கையிலிருந்தே கம்பைக் கொத்தித் தின்றது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே தீவனம். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. சாதுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்கு அனுப்பினேன். அப்படித்தான் பைத்தியம் பிடித்தது.

கடையை மூடிவிட்டு வந்ததும் பழைய பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளங்கையில் கம்பு. எது வருகிறது, எது தள்ளி நின்று ஒரு கண்ணால் பார்க்கிறது என்று கவனிப்பேன். பயந்த கோழி வேறு, சாதுவான கோழி வேறு என்று தெரிந்துகொள்ளவே ரொம்ப நாள் ஆனது. பயந்தது உங்களைக் கண்டு ஓடும். சாதுவானது உங்களை அறிந்துகொண்டு நிற்கும். அதற்காக ஒன்றுக்கும் உதவாத மந்தமாகவும் இருக்கக்கூடாது. பருந்து நிழல் விழுந்தால் சேவல் குரல் கொடுக்கவேண்டும். அடைக்கோழி நான் வயிற்றுக்கடியில் கைவிட்டால் பொறுத்துக்கொள்ளவேண்டும், பூனை வந்தால் விரட்டவேண்டும். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் சதை இருக்கவேண்டும். தாய் நிறைய முட்டையிட்டவளாக இருக்கவேண்டும். இதெல்லாம் ஒரே உடம்பில் சேர்வது லேசில் நடப்பதில்லை.

வைண்டிங்கில் கம்பிக்கு மாட்டும் மெல்லிய குழாயை, ஸ்லீவை, வளையமாக வெட்டிக் காலில் மாட்டிவிடுவேன். மஞ்சள் ஸ்லீவ் என்றால் வம்சத்துக்கு. கறுப்பு ஸ்லீவ் என்றால் கறிக்கு. ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து மஞ்சள் ஸ்லீவ்களையே பார்த்துப் பார்த்து வாரிக்கொண்டு போனது. மிச்சமிருந்ததை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய வருஷத்தில்தான் நான் எதிர்பார்த்த சேவல் கிடைத்தது. செம்பழுப்பு நிறம், நல்ல கட்டான உடம்பு. நான் உட்கார்ந்தால் வந்து என் செருப்பின்மேல் ஏறி நின்றுகொள்ளும். லே-அவுட் குழந்தைகள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவார்கள். ‘பா பா’ என்றால் எந்த மூலையிலிருந்தாலும் ஓடிவரும்.

கறுப்பு ஸ்லீவ்களை நான் அறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடையில் போட்டு மெயின் ரோட்டிலிருந்த பாயின் கறிக்கடைக்குக் கொண்டுபோவேன். கூடையைக் கொடுத்துவிட்டு எதிரில் டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து கவரில் கறி இருக்கும். பாய் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

நான் அறுக்காததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் என் அப்பா ஒரு பண்ணையக்காரர் தோட்டத்தில் வேலை செய்தார். நோம்பி, திருவிழா என்றால், ஒறம்பரை என்று விருந்தாளிகள் வந்தால், ஆடு கோழி அறுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் தலை, கால், குடல் எல்லாம் ஒரு பொட்டலமாக அவர் கையில் வரும். கறி அந்த வீட்டுக்கு, மிச்சம் எங்கள் வீட்டுக்கு. நாங்கள் பிள்ளைகள் காலனி முக்கில் அந்தப் பொட்டலத்துக்காகக் காத்திருப்போம். ருசியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் அது தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. ஐ.டி.ஐ. படிக்கக் கோயம்புத்தூர் வந்தபோது, எதைச் செய்தாலும் இந்த வேலையைச் செய்வதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது கேட்டருகே நின்று கோழிகளைப் பார்ப்பார். வாராவாரம் முட்டை வாங்குவார். முதல்முறை பேசியபோதே ஊரைக் கேட்டார். வெள்ளகோவில் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம பக்கமுங்களா! எனக்குப் பக்கத்தூருதானுங்க. ஊருக்குள்ள எந்த வீதிங்க?”

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“பஸ் ஸ்டாப் பக்கமுங்க,” என்றேன்.

எங்கள் ஊரில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் வீடே கிடையாது. பேச்சைக் கோழிக்குத் திருப்பினேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக அவரை நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் தை மாதத்தில் அவர் ஊரில் கோயில் நோம்பிக்குப் போய்விட்டு வந்தார். மறுநாள் முட்டை வாங்க வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

“உங்கூர்ல விசாரிச்சனுங்க. உங்க பேரச் சொன்னதும் உங்கப்பார அல்லாருக்கும் தெரியுதுங்க. நல்ல வேலைக்காரராமுங்க.”

கையிலிருந்த தட்டில் முட்டைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். “ஆமாங்க,” என்றேன். வேறு ஒன்றும் மாறவில்லை. முட்டை வாங்குவது நிற்கவில்லை. அவர் வீட்டம்மா மட்டும் முன்பெல்லாம் சமையலறை வரைக்கும் வந்து என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு கேட்டுக்கு வெளியிலேயே நின்று பாத்திரத்தை நீட்டினார். நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. மனைவியிடம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வீட்டார் வருகிறார்கள், கறிக்கு இரண்டு சேவல் வேண்டும் என்றார். கறுப்பு ஸ்லீவ் போட்ட இரண்டு இருந்தன. பாய் கடையில் அறுத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

“ஸ்டாலுக்கு எதுக்குங்க? நீங்களே அறுத்துப்போடுங்க. உங்காளுகளுக்கு இது கைப்பழக்கந்தானுங்களே. எங்க தோட்டத்துலயும் உங்காளுகதானுங்க வந்து செஞ்சு குடுப்பாங்க. அந்தச் சுத்தம் ஸ்டால்ல வருங்களா?”

ஒரு ‘ங்க’வைக்கூட அவர் குறைக்கவில்லை. கடுகடுவென்றும் சொல்லவில்லை. ஏதோ பாராட்டுகிற மாதிரி, பழைய சினேகிதனிடம் உரிமையோடு கேட்கிற மாதிரிச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும்.

நான் சிரித்தேன்.

“அதுக்கென்னுங்க, செஞ்சுபோடலாமுங்க.”

அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பண்ணையக்காரர் வாசலில் அப்பா சிரித்த சிரிப்பு அது. நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை, ஆனாலும் வந்தது. வீட்டுக்குள்ளே மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

சனிக்கிழமை முழுவதும் கடையில் காயிலைத் தப்பாகச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரவே சேவல்களைப் பிடித்துக் கூடைக்குள் அடைத்திருக்கவேண்டும். அதைச் செய்யக் கை வரவில்லை. காலையில் எழுந்து பாய் கடைக்கு ஓடி, நானே அறுத்தேன் என்று சொல்லிவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே அவர் தன் வீட்டுக் கத்தியோடும் ஒரு பேசினோடும் வந்துவிட்டார்.

கறுப்பு ஸ்லீவ் இரண்டும் முரட்டுச் சேவல்கள். ஆள் நடமாட்டத்தைக் கண்டதும் ஒன்று முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. இன்னொன்றைத் துரத்தித் துரத்தி ஒருவழியாகப் பிடித்தேன். அதை அறுத்தபோது என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தி சறுக்கியது. எங்கே அழுத்துவது, எப்படிப் பிடிப்பது என்று புரியவில்லை. பாதி அறுபட்ட கழுத்தோடு அது என் கையைவிட்டுத் திமிறி, சிமெண்டுத் தரையெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டு ஓடியது. அவர்தான் காலால் மிதித்து நிறுத்தினார்.

“ஏனுங்க, கத்தி இப்படி வழுக்குதுங்க? பழக்கம் உட்டுப்போச்சாட்ட இருக்குது,” என்று சிரித்தார்.

எனக்குப் பழக்கமே கிடையாது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மரத்தில் இருந்தது இறங்கவில்லை. கல் எறிந்தேன், குச்சியால் தட்டினேன். அது இன்னும் மேலே போனது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அதுக்குள்ள இன்னொன்னப் புடிச்சுப்போடுங்க. ஒறம்பரை கெளம்பிட்டாங்களாமுங்க,” என்றார்.

இவ்வளவு ரத்தத்துக்கும் சத்தத்துக்கும் மற்ற கோழிகள் எல்லாம் வேலியோரம் ஒதுங்கி நின்றன. செம்பழுப்புச் சேவல் மட்டும் என்னிடம் வந்தது. நான் கூப்பிடவில்லை. ‘பா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல் வந்து செருப்பின்மேல் ஏறி நின்றுகொண்டது. காலில் மஞ்சள் ஸ்லீவ்.

“இதோ வந்து நிக்குதே, இதையே போடுங்க,” என்றார் அவர்.

இது வம்சத்துக்கு வைத்தது, இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகன் வீட்டார் வருகிற அவசரத்தில் நிற்கும் ஒருவரிடம் ஒரு சேவலின் குணத்தைப்பற்றிப் பேசுவது எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. குனிந்து எடுத்தேன். அது உதறவில்லை. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு என் முழங்கையில் சாய்ந்து இருந்தது. குழந்தைகள் தூக்கிப் பழக்கியது அப்படி. முதல் சேவலைப்போல் இது ஓடவில்லை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நிமிர்ந்தபோது பின்வாசலில் மகள் நின்றிருந்தாள். சர்ச்சுக்குப் புறப்பட்டு, பைபிள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ.

மயிர் பொசுக்கி, துண்டுபோட்டுக் கொடுத்தேன். அவர் பேசினில் கறியை வாங்கிக்கொண்டார். தலை, கால், குடல் எல்லாவற்றையும் தன் கையாலேயே ஒரு கேரிபேக்கில் போட்டு முடிச்சிட்டு என்னிடம் நீட்டினார்.

“இத நீங்க வெச்சுக்குங்க. உங்க ஊட்ல புடிக்குமல்லங்க.”

நான் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். “சரீங்க,” என்றும் சொன்னேன். அவர் தெருவைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போகும்வரை அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் சூடாக இருந்தது.

வாழைக்கடியில் குழிதோண்டிப் புதைத்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஹோஸ் பைப்பை எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தாள். சர்ச்சுக்கு யாரும் போகவில்லை. மகள் அறையைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது வெளியே வந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அப்பா, வெள்ளிக்கிழம அவுரு கேட்டப்ப நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?”

“சும்மாதான் கண்ணு. எதுத்தூட்டுக்காரரு. மொகத்துல அடிச்ச மாதிரிப் பேச முடியுமா?”

“அவுரு உங்க மொகத்துல அடிக்கலீங்களா?”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“அந்தச் சேவலு கூப்புடாமயே வந்து நின்னுச்சு. நீங்களும் அப்படித்தானுங்கப்பா போயி நின்னீங்க.”

மனைவி “அம்மணி!” என்று அதட்டினாள். மகள் எழுந்து போய்விட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. என் மகளிடம் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க எனக்கு ஒரு சம்பவம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. கடையில் முதலாளி மாதிரி இருக்கிறேன், உதவிக்கு ஆள் வைத்திருக்கிறேன், சொந்த வீடு கட்டியிருக்கிறேன். ‘உங்காளுக’ என்ற ஒரே ஒரு வார்த்தை, அதுவும் மரியாதையாகச் சொன்ன வார்த்தை, என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தத் தோட்டத்து வாசலில் நிறுத்திவிட்டது.

சில நாட்கள் கோழிகளிடம் போகவில்லை. மனைவிதான் தீவனம் வைத்தாள். பிறகு ஒருநாள் போய் உட்கார்ந்தேன். பெட்டைகள் ஓடிவந்து கையைச் சூழ்ந்துகொண்டன. மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒரு இளம் சேவல் முழங்காலில் ஏறியது. அவற்றுக்கு என்ன தெரியும். நான் பக்கெட்டை விட்டு எழுந்துவிட்டேன். இப்படி நம்புவதற்கு நான்தானே வருஷக்கணக்காகப் பழக்கினேன் என்று நினைத்தபோது கையிலிருந்த கம்பைக் கொட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பாய் கடைக்குப் போவதில் ஒரு மாற்றம் வந்தது. இப்போதெல்லாம் டீ குடிக்கப் போவதில்லை. கடைசிவரை நானே சேவலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாய் முதல் தடவை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“ஏன் பாய், உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?” என்று கேட்டேன்.

“கஷ்டமில்லாம இருக்குங்களாண்ணா? கத்தி நல்லா தீட்டியிருக்கோணும். அதுதான் நம்மனால முடியும்,” என்றார்.

ஆடி முடிந்தபிறகு எதிர்வீட்டுக்காரர் மறுபடி சேவல் கேட்டு வந்தார். என்றைக்காவது வருவார் என்று எனக்குத் தெரியும். கடையில் காயில் சுற்றும்போதெல்லாம் அதற்கான பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். எங்கப்பா செஞ்சது பழக்கமில்லீங்க, கூப்பிட்டா போகாம இருக்க முடியாத வேலைங்க. அந்த வேலைய எங்கிட்டக் கேக்காதீங்க. இதுதான் நான் சொல்லவேண்டியது. மனப்பாடமாகியிருந்தது.

அவர் கேட்டருகே நின்று, “ஞாயித்துக்கெழம ரெண்டு சேவல் அறுத்துக் குடுத்துருங்க,” என்றார். என் மனைவி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அறுக்கத் தெரியாதுங்க,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “இனிமே எங்கிட்டக் கேக்காதீங்க.”

மனைவி துணியைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே உள்ளே போய்விட்டாள். மகளுக்கு அப்போதே மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

அவள் உள்ளே போன பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. “என்னங்க, இப்படிச் சொல்றீங்க? நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டுப்போட்டனுங்களா?” என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. அவருடைய வாடிய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“அதில்லீங்க… தோள்பட்டை வலிங்க. கத்தி புடிக்க முடியறதில்லீங்க,” என்றேன். சிரித்துக்கூட இருப்பேன்.

“அப்படிச் சொல்லுங்க! நான் என்னமோன்னு நெனச்சுப்போட்டேன். ஒடம்பப் பாத்துக்குங்க,” என்று நிம்மதியாகப் போனார்.

சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் பையை வைத்த கையோடு எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் எனக்கு டீ கொண்டுவந்தது அன்றுதான்.

“அம்மா சொன்னாங்க. சூப்பருங்கப்பா,” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரிக் கதையெல்லாம் பேசினாள். நான் டீயைக் குடித்தேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எதிர்வீட்டம்மா கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். மகள்தான் போனாள். ஒரு தைலப் பாட்டிலோடு திரும்பிவந்தாள்.

“அந்தம்மா குடுத்தாங்க. தோள்வலிக்கு ராத்திரி தேச்சுட்டுப் படுக்கச் சொன்னாங்க. யாருக்குங்கப்பா தோள்வலி?”

“கடையில வெயிட் தூக்கினது, கண்ணு,” என்றேன்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டிலை என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுப் போனாள்.